தொட்டியில் தீவனம் மிஞ்சுகிறதா? மாடு, ஆடு, கோழி சரியாகத் தின்னாதபோது எங்கே பார்ப்பது

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஓரங்களில் நாலு மாடோ பத்து ஆடோ வைத்திருப்பவர்கள் தீவனக் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, மாடு சரியா திங்க மாட்டேங்குது. பசி எடுக்க ஏதாவது மருந்து இருக்கா?" கடையில் ஒரு வைட்டமின் பாட்டில் கிடைக்கும். பாட்டில் தீர்ந்துவிடும், தொட்டியில் தீவனம் அப்படியே கிடக்கும்.

பசிக்கென்று உடம்பில் தனியாக ஓர் இடம் கிடையாது. 'போதும்' என்ற செய்தி மாட்டின் மூளைக்குப் பல பக்கங்களிலிருந்து போகிறது. முதல் வயிறு நிறைந்து அதன் சுவர் விரிந்தால் போகும். தீவனம் நொதித்து உண்டாகும் அமிலங்கள், முக்கியமாகப் புரோப்பியோனேட், கல்லீரலில் எரியும்போது போகும். உடம்பில் கொழுப்பு கூடினால் லெப்டின் என்ற ஹார்மோன் மூலம் மெதுவாகப் போகும். உடம்பு சூடேறினால் போகும். போன தடவை இதைத் தின்று வயிறு கெட்டது என்ற நினைவிலிருந்தும் போகும். எந்தப் பக்கத்திலிருந்து 'போதும்' வருகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கண்ணில் படும் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் கொட்டகையில் நடப்பதை மட்டும் தேடிப் படிக்கலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

முதலில்: நோயா, தீவனமா?

காய்ச்சல் பாருங்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் மாட்டுக்கு 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். ஆட்டுக்கு 40 வரை போகலாம். அப்புறம் மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வைத்திருங்கள். முதல் வயிறு இரண்டு மூன்று தடவையாவது உருண்டு கையைத் தள்ள வேண்டும். படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

காய்ச்சல் இருந்தாலோ, இடது பக்கம் மேளம் போல விறைத்திருந்தாலோ, அசை போடுவது நின்று பல்லைக் கடித்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு கால்நடைச் சேவைத் துறையை, அதாவது நம் ஊரில் 'வெட்டரினார்' என்று சொல்லும் அலுவலகத்தை, உடனே கூப்பிடுங்கள். தீவனத்தை மாற்றிப் பார்க்கிற நேரம் அது இல்லை.

உடம்பில் கோளாறு இல்லையென்றால் அடுத்து தண்ணீர். கறக்கிற மாடு ஒரு நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். தண்ணீர் இல்லாமல் முதல் வயிற்றில் எதுவும் நகராது. தொட்டியில் பாசி, செத்த பூச்சி, வெயிலில் காய்ந்த கறுப்பு டாங்கிலிருந்து வரும் சுடுதண்ணீர், எல்லாமே தீனியைக் குறைக்கும். தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிழலுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் பாருங்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

புதுத் தீவனத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது

பேராவில் அதிகம் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் பிகேசி என்று நாம் சொல்லும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கைப் பற்றித்தான். மில்கள் பக்கத்திலேயே இருப்பதால் சுலபமாகக் கிடைக்கிறது, புரதமும் 14 முதல் 18 சதவீதம் வரை இருக்கிறது. ஆனால் காய்ந்த மணல் மாதிரி வாயில் நறநறவென்று இருக்கும், வாசனையும் கவர்ச்சியில்லை. அதைப் பார்த்திராத மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்குவது முழுக்க இயல்பு. தெரியாத தீனியைக் கொஞ்சமாகக் கடித்துவிட்டு, வயிறு என்ன சொல்கிறது என்று காத்திருப்பதுதான் மேயும் விலங்குகளின் வழக்கம். அந்த எச்சரிக்கை இல்லாத விலங்கு விஷச்செடி தின்று செத்துப்போகும்.

அமெரிக்காவின் உட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரோவென்ஸாவும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். செம்மறிக் குட்டிகளுக்கு வைக்கோலில் ஒரு வாசனை சேர்த்துக் கொடுத்தார்கள். தின்னும்போதே மாவுச்சத்தைக் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் விட்டார்கள். மாவு வாயில் படவே இல்லை. ஆனாலும் அந்த வாசனை சேர்ந்த வைக்கோலைத்தான் குட்டிகள் பிறகு தேடித் தின்றன. ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வயிறு கற்றுக்கொடுத்தது. வயிறு கெட்டால் அதுவும் அதே வேகத்தில் பாடமாகும், அப்போது விலங்கு பழி போடுவது கடைசியாக அறிமுகமான புதுத் தீனி மேல்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். பிகேசியை முதல் நாள் ஒரு கைப்பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டு போங்கள். பழகிய தோஃபு சக்கையிலோ கரும்புப்பாகிலோ பிசைந்து கொடுத்தால் பழைய வாசனை புதியதைத் தாங்கிக்கொள்ளும். பிகேசி தின்று பழகிய மாடு ஒன்று இருந்தால் பக்கத்தில் கட்டுங்கள், பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். கன்றை தாயோடு சேர்த்துத் தின்ன விடுவதும் இதற்காகத்தான், சின்ன வயதில் தாய் தின்பதைப் பார்த்துப் பழகிய தீனியைப் பெரிதானபின் தயங்காமல் தின்னும்.

குடற்புழு மருந்து கொடுத்த அன்றோ, லோரியில் ஏற்றி இறக்கிய அன்றோ புதுத் தீவனத்தை ஆரம்பிக்காதீர்கள். அன்று வரும் வயிற்றுக் குமட்டலுக்கும் களைப்புக்கும் பழி புதுத் தீவனத்தின் மேல் விழும், பிறகு அதைத் திருப்புவது கஷ்டம். தீபாவளிக்கு முன்பு வாங்கி வந்த ஆடு மூன்று நாளாகத் தின்னவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பழைய இடத்தில் என்ன தின்றது என்று விற்றவரிடம் கேட்டு அதையே முதல் வாரம் கொடுங்கள்.

நேற்று வரை தின்ற பிகேசியை இன்று திடீரென்று விட்டுவிட்டது

சாக்கு மாறியதா என்று பாருங்கள். அழுத்திப் பிழிந்த பிகேசியில் எண்ணெய் 5 சதவீதத்துக்கு மேலும் மிச்சமிருக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் அது சீக்கிரம் காறிப்போகும், பூஞ்சையும் பிடிக்கும். கையில் எடுத்து முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். மாடு ஒதுக்குவது சரிதான். அந்தச் சாக்கை வேறு மாட்டுக்குக்கூடக் கொடுக்காதீர்கள். தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள், ஒரே சமயத்தில் நிறைய வாங்கிப் போடாதீர்கள். தோஃபு சக்கை இன்னும் மோசம், முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்பதால் ஒன்றிரண்டு நாளில் புளித்து நாறும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் தலை தொங்கிவிட்டது

அன்புதான் காரணம். வருஷத்தில் ஒரு நாள் மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் தட்டுத் தட்டாக ஊட்டுகிறோம். கோயில் அன்னதானத்தில் மீந்த சோறு, கடையில் தேதி முடிந்த ரொட்டி, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பொங்கலில் உள்ள மாவும் சர்க்கரையும் முதல் வயிற்றில் வேகமாக நொதித்து அமிலமாகிறது. அங்கே சாதாரணமாக 6க்கு மேல் இருக்கும் பி.எச். 5.5க்குக் கீழே இறங்கினால் வயிறு உருளுவது நிற்கும், நார் செரிக்கும் நுண்ணுயிரிகள் சாகும், பசி போய்விடும். தின்னும்போதே மாடு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கலாம். ருசி உடனே தெரிகிறது, அமிலத்தின் விளைவு பல மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. அந்த இடைவெளியில் தட்டு காலியாகிவிடும். தினமும் சோறு தின்னும் மாடு தாங்குவதற்குக் காரணம் அதன் வயிற்று நுண்ணுயிரிகள் இரண்டு மூன்று வாரத்தில் பழகிக்கொண்டதுதான்.

சாணி சாம்பல் நிறத்தில் இளகி, குமிழோடு புளிப்பு வாடை அடித்தால் அமிலம்தான். தவிடு, புண்ணாக்கு, சோறு எல்லாவற்றையும் நிறுத்தி, நறுக்காத நீளக் காய்ந்த புல்லைப் போடுங்கள். லேசான அமிலத்தில் இருக்கும் மாடுகள் வாய்ப்பு கொடுத்தால் தாமாகவே நீளப் புல்லைக் கூடுதலாகத் தின்பதை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். புல்லை மென்றுகொண்டே இருந்தால் உமிழ்நீர் சுரக்கும், அது அமிலத்தை முறிக்கும். மாடு தள்ளாடினாலோ எழ முடியாமல் படுத்தாலோ உடனே வெட்டரினார், காலை வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்த வருஷம் பூஜைக்கு முன்பே வயிறு நிறையப் புல் போட்டுவிடுங்கள். பொங்கல் ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடி போதும், குடும்பத்தில் எல்லோரும் ஆளுக்கொரு கைப்பிடி ஊட்டாமல் ஒருவர் மட்டும் ஊட்டட்டும்.

புல் நிறைய இருக்கிறது, பாதியைத் தின்றுவிட்டு நிறுத்திவிடுகிறது

நேப்பியர் புல்லை எப்போது அறுத்தீர்கள்? ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அறுத்தால் நல்ல புல். பத்து வாரம் தாண்டினால் தண்டு கரும்பு மாதிரி தடிக்கும், புரதம் விழும். புல்லில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் வயிற்று நுண்ணுயிரிகளுக்கே சாப்பாடு போதாது. அவை நாரை உடைப்பது மெதுவாகும், வயிறு காலியாக நேரமாகும், விரிந்த சுவர் 'போதும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வயிறு நிறைந்திருக்கும், மாடு மெலியும்.

இதற்குப் பசி மருந்து கொடுப்பது வீண். கொஞ்சம் புரதம் கொடுங்கள், பிகேசியோ கிளிரிசிடியா மரத்து இலையோ போதும். நுண்ணுயிரிகள் சுறுசுறுப்பாகும், அதே முற்றிய புல்லையே மாடு கூடுதலாகத் தின்னும். புல்லை விரல் பருமன் அளவுக்கு நறுக்கிப் போட்டால் தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் பொறுக்குவதும் குறையும். ஆனால் தூளாக அரைக்காதீர்கள், அசை போடும் வேலை குறைந்துவிடும்.

நாள் முழுதும் மேய்ந்தும் வயிறு ஒட்டி வருகிறது

செம்பனை உயர்ந்து ஓலைகள் ஒன்றோடொன்று கூடிவிட்ட பிளாக்கில் அடியில் வெளிச்சமில்லை, புல்லும் இல்லை. மாடு நடந்த தூரம்தான் மிச்சம். மேய்வதற்கு ஒரு மாடு ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் செலவழிக்கும், மீதி நேரம் அசை போட வேண்டும். புல் கட்டையாக இருந்தால் ஒவ்வொரு கடியிலும் வாய்க்குள் போவது குறையும். கடிகளைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டும், அதற்கு மேல் நேரம் கிடையாது.

மாடு தானாக விட்டால் விடியும்போதும் பொழுது சாயும்போதும்தான் அதிகமாக மேயும். நாம் ஐந்து மணிக்கே ஓட்டி வந்து கட்டிவிட்டால் அதன் முக்கியமான சாப்பாட்டு நேரத்தைப் பறித்துக்கொள்கிறோம். திருட்டுப் பயத்தால் அப்படிக் கட்டுவது புரிகிறது, நம் ஊரில் அது நியாயமான பயம். அப்படியானால் கொட்டகைக்குள் வந்ததும் ஒரு கட்டு புல்லாவது போட வேண்டும்.

பகலில் தொடுவதில்லை, இரவில் மட்டும் கொஞ்சம் தின்கிறது

சூடு. தீவனம் செரிக்கும்போது வயிற்றுக்குள்ளேயே வெப்பம் உண்டாகிறது. வெளியே 33 டிகிரி, காற்றில் ஈரமும் அதிகம், வியர்த்தும் குளிராது. அந்த நிலையில் உடம்பு தீனியைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஃப்ரீசியன் ரத்தம் அதிகம் உள்ள கறவை மாடுகளுக்கு 25 டிகிரியைத் தாண்டினாலே இது தொடங்கும். கெடா-கிளந்தான் மாடும், நம் முன்னோர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டு வந்ததன் வழிவந்த நாட்டு மாடும் இன்னும் அதிகமாகத் தாங்கும். ஃப்ரீசியனையும் சாஹிவாலையும் கலந்து இங்கே உருவாக்கிய மஃப்ரிவாலுக்கும் அந்த நோக்கம்தான்.

நாளின் தீவனத்தில் பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குப் பிறகும் விடியற்காலையிலும் போடுங்கள். கொட்டகையில் தகரக் கூரை என்றால் காற்றோட்டத்தை முதலில் கவனியுங்கள். வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை.

மண் தின்கிறது, சுவரை நக்குகிறது, எலும்பு, கயிறு, பிளாஸ்டிக் மெல்லுகிறது

இதைக் கெட்ட பழக்கம் என்று விரட்டுகிறார்கள். உடம்பு எதையோ தேடுகிறது. எதை என்பதை அது நக்கும் பொருளே ஓரளவு காட்டும்.

சுவர், கையிலுள்ள வியர்வை, சிறுநீர் நனைந்த தரை, இவற்றை நக்கினால் உப்பு. எல்லாச் சத்துக்களிலும் சோடியத்துக்குத்தான் விலங்குகளுக்குப் பிறவியிலேயே தனிப் பசி இருக்கிறது, கற்றுக்கொள்ளத் தேவையில்லை. மெல்போர்னில் டெரெக் டென்டனின் குழு செம்மறிகளின் உமிழ்நீரை வெளியே வடியவிட்டு சோடியம் குறையச் செய்தபோது, அவை உப்புத் தண்ணீரைக் குடித்தன, இழந்த அளவுக்கு ஏறக்குறையச் சரியாக. பச்சைப் புல்லில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கறக்கிற மாடு பாலிலும் வியர்வையிலும் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

தோட்டத்தில் இது வெறும் பழக்கப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. உரக் கொட்டகையில் கிழிந்த சாக்கு இருந்தால் உப்புப் பசியில் இருக்கும் மாடு அதைத்தான் தேடிப் போகும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் உப்புக் கரிக்கும். யூரியா கலந்த சாக்கை நக்கினால் சில மணி நேரத்தில் செத்துவிடும். ரப்பர் காலத்தில் லாலான் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள், அதுவும் உப்புக் கரிக்கும் விஷம். தெளித்த இடத்தில் மேய்ந்து மாடுகள் செத்தன. இன்றும் மருந்து தெளிக்கும் பிளாக் எது என்று தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் அளவு உப்பு வேண்டும், கறக்கிற மாட்டுக்கு அதைவிடக் கூடுதல். உப்புக் கட்டியை மழை படாத இடத்தில் நிரந்தரமாகத் தொங்கவிடுங்கள். ரொம்ப நாள் உப்பே காணாத மாட்டுக்கு முதல் நாளே முழுக் கட்டியை வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பக்கத்தில் தண்ணீர் கட்டாயம் இருக்க வேண்டும்.

எலும்பு மெல்லுவது வேறு. அது பாஸ்பரஸ் குறைவின் பழைய அடையாளம். தென்னாப்பிரிக்காவில் 1920களில் ஆர்னால்டு தெய்லர் குழு இதைக் கண்டுபிடித்தது. மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பை மென்று, அதிலிருந்த பாக்டீரிய விஷத்தால் முடங்கிச் செத்தன. நம் செம்மண் அமிலத்தன்மை கொண்டது, பாஸ்பரஸ் குறைவு. வெறும் மேய்ச்சலில் இருக்கும் மாட்டுக்குச் சந்தேகப்படலாம். பிகேசி தின்னும் மாட்டுக்கு பாஸ்பரஸ் போதுமானது, அதில் கால்சியம்தான் குறைவு, சுண்ணாம்புத் தூள் சேர்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் ஒன்றே சொல்கிறேன். தோஃபு சக்கை வந்த பையைக் கொட்டகைப் பக்கம் போடாதீர்கள். சக்கை வாசனை ஒட்டிய பையை மாடு தீனி என்றே நினைக்கும், உள்ளே போனது வெளியே வராது.

ஆடு புல்லை விட்டுவிட்டு இலையையும் பட்டையையும் தேடுகிறது

இது கோளாறே இல்லை. மாடு நாக்கால் சுருட்டி வாரித் தின்னும். ஆடு உதட்டால் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கும், கசப்பையும் துவர்ப்பையும் மாட்டைவிட அதிகமாகத் தாங்கும். தரையில் போட்ட புல்லை மிதித்துவிட்டு ஒதுக்கும், அதையே கட்டாகத் தலை உயரத்தில் தொங்கவிட்டால் தின்னும். செம்பனைக்கு அடியில் கொட்டிக் கிடக்கும், மலாய்க்காரர்கள் ரும்புட் இஸ்ராயேல் என்று சொல்லும் களை ஆட்டுக்கு ரொம்பப் பிடிக்கும், புரதமும் நல்லது. கிளிரிசிடியாவை முதலில் வாடைக்காக ஒதுக்கும், ஒரு இரவு வாடவிட்டுக் கொடுங்கள். மரவள்ளி இலையை நன்றாகக் காயவைத்த பிறகுதான் போட வேண்டும், பச்சையில் சயனைடு இருக்கிறது.

சிக்னல் புல்லை மட்டும் மேயும் செம்மறிக்கும் ஆட்டுக்கும் கண், காது, மூக்கு வீங்கித் தோல் வெடித்து, தீனியும் குறைந்தால் கல்லீரல் பாதிப்பு. உடனே அந்த மேய்ச்சலை நிறுத்தி நிழலில் கட்டுங்கள். மாடு அந்தப் புல்லை ஆட்டைவிட அதிகமாகத் தாங்கும்.

செம்மறி வைத்திருப்பவர்கள் பிகேசியில் கவனமாக இருக்க வேண்டும். அதில் செம்பு அதிகம், செம்மறியின் கல்லீரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் நன்றாகத் தின்று கொழுத்திருக்கும் ஆடு ஒரு நாள் திடீரென்று தின்னாமல், கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்துப் போகும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடும். மொத்தத் தீனியில் 30 சதவீதத்துக்கு மேல் பிகேசி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்று போடுவதற்கு முன்னும் பின்னும் தீனி குறைந்துவிட்டது

கன்று போடுவதற்குக் கடைசி மூன்று வாரம் தீனி இறங்குவது இயல்பு. கன்று போட்ட பிறகு பால் வேகமாக ஏறும், பசி அதற்குப் பின்னால்தான் ஏறும். இடையில் மாடு தன் கொழுப்பைக் கரைக்கும். கொழுத்துப் போன மாடு இன்னும் குறைவாகத் தின்னும், வாயில் பழம் அழுகிய மாதிரி இனிப்பு வாடை வந்தால், கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் கீட்டோசிஸ் நோய். தீனி தானாகத் திரும்பும் என்று காத்திருக்காதீர்கள், வெட்டரினாரிடம் சொல்லுங்கள். கொழுக்க வைப்பது கன்று போடுவதற்கு முன்னே செய்யக் கூடாத வேலை.

கோழி தீவனத்தைக் கிளறிக் கொட்டுகிறது, முட்டையைக் கொத்தித் தின்கிறது

கோழிக்கு இனிப்பு தெரியாது, இனிப்பை உணரும் மரபணுவே அதற்கில்லை. சீனி கலந்து ஏமாற்ற முடியாது. அது பார்ப்பது மணியின் அளவையும் நிறத்தையும். தூளும் முழு மணியும் கலந்த தீவனத்தில் மணியைப் பொறுக்கிவிட்டுத் தூளை எத்தித் தள்ளும். தூளில்தான் தாதுக்கள் இருக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அரை மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் போடுங்கள்.

முட்டையைக் கொத்துவதைத் தடுக்க மிளகாய்த் தூள் தடவுகிறார்கள். அது கோழிக்கு உறைக்கவே உறைக்காது. சிலி பாடி மிளகாயைத் தின்று விதையைப் பரப்புவதே பறவைகள்தான். கால்சியம் குறைவாக இருக்கலாம் என்று முதலில் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அந்த ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. அதனால் முட்டையிடும் கோழிக்கு மாலையில் கால்சியப் பசி ஏறும். தீவனத்தில் கலக்காமல் தனிப் பாத்திரத்தில் உடைத்த சிப்பியை வையுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எந்தக் கோழிகள் அந்தப் பாத்திரத்துக்குப் போகின்றன என்று கவனித்தால், எவை முட்டையிடுகின்றன என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.